மாடிக்கு வரி கட்டினால் அனுமதி கிடைத்ததாகுமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் 1,200 சதுர அடி மனையில் உள்ள ஒரு வீட்டை வாங்க விலை பேசியிருக்கிறோம். அனுமதி முத்திரையிட்ட வரைபடத்தில் தரைத்தளம் மட்டுமே இருக்கிறது. மாடி பிற்பாடு எழுப்பப்பட்டது. "மாடிக்கும் சேர்த்துத்தான் சொத்து வரி கட்டுகிறேன், மின் இணைப்பும் தனியாக உள்ளது, வேண்டுமானால் இப்போது ஆன்லைனில் உடனே அனுமதி எடுத்துவிடலாம்" என்கிறார் உரிமையாளர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். சொத்து வரி என்பது கட்டடம் இருக்கிறது என்பதற்காக வசூலிக்கப்படுவது. அது முறையாகக் கட்டப்பட்டது என்பதற்கு அந்த ரசீது சான்றாகாது. மின் இணைப்புக்கும் இதுவே பொருந்தும். வில்லங்கச் சான்றோ, பெயரிலேயே வில்லங்கம் இருந்தாலும், இந்த வில்லங்கத்தை மட்டும் காட்டாது. அதில் பதிவான பத்திரங்கள் வருமே தவிர, வரைபடத்தை மீறி எழுந்த சுவர் வராது.

உரிமையாளர் சொல்லும் ஆன்லைன் அனுமதி, 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டமாக இருக்க வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டப்போகும் வீட்டுக்கு அத்திட்டத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது கட்டப்போகிறவருக்கானது. விதிகளின்படியே கட்டுவேன் என்று உறுதியளித்துப் பெறும் அனுமதியை, என்றோ கட்டி முடித்த மாடிக்குப் போர்த்திவிட முடியாது.

ஆகவே அந்த மாடி விதிக்குள் அடங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதாவது தங்கள் மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை வரலாம். பெரும்பாலும் சிக்கல் இந்தக் கணக்கில் வருவதில்லை, வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தில்தான் வருகிறது. மாடி எழுப்பும்போது வெளிப்படிக்கட்டையும் குளியலறையையும் பக்கத்துக் காலியிடத்தில் இறக்கிவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று, முத்திரையிட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மதில் சுவரிலிருந்து வீட்டுச் சுவர் வரை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். அவருக்குத் தரும் கட்டணம், தாங்கள் கொடுக்கவிருக்கும் முன்பணத்தில் ஒரு சிறு பங்கே.

அளவுகள் விதிக்குள் இருந்தால், திருத்திய வரைபடத்துக்கு உரிமையாளரே தம் பெயரில், தம் செலவில் ஒப்புதல் பெற வேண்டும் என்றும், குறித்த நாளுக்குள் பெறாவிட்டால் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்றும் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. அளவுகள் மீறியிருந்தால், மாடிக்கு விலை பேசாதீர்கள். தரைத்தளத்துக்கு மட்டும் பேசினாலும், பின்னாளில் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்தான். "இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை" என்பது வாதமே ஆகாது. காலம் கடந்ததாலோ, பணம் செலவழித்ததாலோ அனுமதியற்ற கட்டடம் முறையானதாகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

கேள்வி: வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. மாநகராட்சி அனுமதி மட்டும் இருந்தால் மேலே ஒரு தளம் எழுப்பிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: சரியன்று. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்கே தடை. பழுது பார்ப்பதற்கும் முன் அனுமதி தேவை. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் என்றால், தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்றைப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்கலாம். கோட்டை எல்லையிலிருந்து வீடு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்ளும் வரை மேஸ்திரியிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.