நோய்ப் பெயர் ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் என்ன அர்த்தம்?

டான்சிலைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ், ஹெப்படைட்டிஸ் என்று டாக்டர் சீட்டில் வரும் பல நோய்ப் பெயர்கள் ஏன் ஒரே மாதிரி முடிகின்றன? அந்த ‘ஐட்டிஸ்’ என்பதற்கு அழற்சி என்று பொருள். உடம்பில் ஓர் இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதுதான் அழற்சி.

தர்மபுரிப் பக்கம் மாரண்டஅள்ளி, எர்ரனஅள்ளி என்று ஊர்ப் பெயர்கள் உண்டு. ‘அள்ளி’ கன்னடத்து ‘ஹள்ளி’, அதாவது கிராமம். முன்பாதிதான் எந்த ஊர் என்று சொல்லும். இங்கும் அப்படியே: ‘ஐட்டிஸ்’ நடப்பது அழற்சி என்கிறது, முன்பாதி எங்கே என்கிறது. டான்சில் தொண்டையில் இருப்பது, கிரேக்கத்தில் ‘கேஸ்டர்’ வயிறு, ‘ஹெப்பார்’ கல்லீரல், ‘ஆர்த்ரான்’ மூட்டு, அதில் வருவது ஆர்த்ரைட்டிஸ். அப்பெண்டிசைட்டிஸ் குடல்வாலில்.

‘ஐட்டிஸ்’ என்ற இந்தச் சொல் ஈறும் வந்தது கிரேக்கத்திலிருந்து. அங்கே அதற்கு ‘சார்ந்தது’ என்றுதான் பொருள். ‘மூட்டு சார்ந்த நோய்’ என்று முழுதாகச் சொன்னதில் ‘நோய்’ காலப்போக்கில் உதிர்ந்தது. பின்னாளில் மருத்துவர்கள் அந்த ஈற்றை அழற்சிக்கென்றே ஒதுக்கிக்கொண்டார்கள்.

இதோடு இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது: ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுக்கும் ஆபரேஷன். கையெழுத்துப் போடுமுன் அந்தச் சொல்லைக் கண்டால் அவசியம் கேளுங்கள்.

‘ஐட்டிஸ்’ என்றாலே கிருமித் தொற்று, ஆன்டிபயாட்டிக் வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. முடக்குவாத ஆர்த்ரைட்டிஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது, மதுவாலும் ஹெப்படைட்டிஸ் வரும்.