இரண்டாவது ராக்கெட்

அன்புள்ள அக்கா,

ஈசூனில் எங்கள் சமூக மன்ற இளையர் குழுவுக்கு ஜூன் விடுமுறையில் ராக்கெட் செய்யும் பயிலரங்கு ஒன்று நடத்தப்போகிறேன். 11 முதல் 14 வயது வரை இருபது பிள்ளைகள், இரண்டு மணி நேரம். அமெரிக்காவில் விற்கிறார்களே, மோட்டார் வைத்த ராக்கெட் செட், அதை வரவழைக்கலாமா? காகிதத்தில் செய்யச் சொன்னால் யூடியூப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் படித்தது கணக்கியல். அறிவியலை எந்த அளவுக்கு விளக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொண்டூழியர்

அன்புள்ள தம்பி,

மோட்டார் வேண்டாம். அந்தச் சின்ன அட்டைக் குழாய்க்குள் அடைத்திருப்பது கருமருந்து. 1972லேயே பட்டாசைத் தடை செய்த ஊர் நம் சிங்கப்பூர். வெடிமருந்து சமாசாரம் எதையும் உரிமம் இல்லாமல் தருவிக்கவோ வைத்திருக்கவோ முடியாது. தவிர, ஈசூனுக்குச் செம்பவாங் விமானத் தளமும் சிலேத்தார் விமான நிலையமும் எவ்வளவு பக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

காகிதத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற கவலையை விடுங்கள். காலி 1.5 லிட்டர் சோடாப் போத்தலின் வாயில் பழைய சைக்கிள் டியூப் துண்டு, அதன் மறுமுனையில் பிவிசி குழாய். குழாயில் ராக்கெட்டைச் செருகிப் போத்தலை ஓங்கி மிதித்தால் அது மண்டபத்தின் அடுத்த கோடிக்குப் போய் விழும். முதல் ராக்கெட் போன கையோடு பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள்.

சிக்கல் சுருட்டுவதில்தான் வரும். ராக்கெட்டுக்கான ஏ4 தாளை நேரடியாகக் குழாயில் சுற்றினால் இறுகிப்போய்க் கழற்ற வராது. முதலில் வேறொரு தாளைக் குழாயில் வெறுமனே சுற்றிவிட்டு, அதற்கு மேல் ராக்கெட் தாளைச் சுருட்டி டேப் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு உள்தாளை உருவிவிட்டால், விரலால் தொட்டாலே ராக்கெட் வழுக்கிக்கொண்டு போகும். மூக்குப் பக்கத்தை அடைத்ததும் மறுபக்கம் வாய் வைத்து ஊதிப் பார்க்கட்டும். அங்கே காற்று கசிந்தால் எவ்வளவு மிதித்தும் பயனில்லை.

அறிவியலில் ஒன்றே ஒன்று போதும். ராக்கெட்டின் எடை மையம், காற்றின் அழுத்தம் வந்து சேரும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது. அம்புக்கு முன்னால் கனமும் பின்னால் இறகும் வைப்பது இதற்காகத்தான். ராபர்ட் காடர்டின் கதையையும் சொல்லுங்கள். 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸில் அவர் ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் உச்சியில் இருந்தது, தொட்டிகள் கீழே. மேலிருந்து இழுத்தால் நேராகப் போகும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அது இரண்டரை வினாடி பறந்து, சுமார் 12 மீட்டர் ஏறி விழுந்தது. அந்த அமைப்பால் நிலைத்தன்மை வந்துவிடாது என்று கண்டபின் அவரே எஞ்சினைக் கீழே கொண்டுபோனார். பிள்ளைகளுக்கு இது மனத்தில் நிற்கும்.

நான் அழுத்திச் சொல்ல வருவது நேரத்தைப் பற்றி. பல பயிலரங்குகளில் ஒன்றேமுக்கால் மணி நேரம் வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டுவதிலேயே கழிகிறது. கடைசிக் கால்மணியில் ஆளுக்கு ஒரு முறை ஏவிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது மிகக் குறைவு. முதல் ராக்கெட் அரைமணி நேரத்தில் பறந்தாக வேண்டும், கோணலாக இருந்தாலும் சரி. மிச்ச நேரம் முழுவதும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும்.

ஒருமுறை உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண் ஒருத்தி, பார்க்க அழகாக இருக்கிறது என்று இறக்கைகளை உடம்பின் நடுவில் ஒட்டியிருந்தாள். ராக்கெட் காற்றில் குட்டிக்கரணம் போட்டு அவள் காலடியிலேயே விழுந்தது. பக்கத்தில் இருந்த தொண்டூழியர் திருத்திக் கொடுக்கக் கை நீட்டினார். வேண்டாம் என்று தடுத்தேன். அவள் அதை விரல்மேல் நிறுத்தி எங்கே சமநிலை வருகிறது என்று பார்த்தாள், இறக்கைகளைப் பிய்த்து அடியில் ஒட்டினாள், மூக்கில் பட்டாணி அளவு களிமண் வைத்தாள். நேராகப் போனது! அதோடு விடாமல், யாரும் சொல்லாமலே அடுத்ததில் களிமண்ணைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாள். அதற்குத்தான் இத்தனை பாடும். பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று உங்கள் சக தொண்டூழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணக்கியல் இங்கே நன்றாகவே கைகொடுக்கும். ஆளுக்கு ஒரு தாள், அதில் மூன்று கட்டம்: என்ன மாற்றினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், எத்தனை மீட்டர் போனது. இரண்டாவது கட்டத்தை ஏவுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இதில் மட்டும் கறாராக இருங்கள்.

போத்தலில் தண்ணீர் ஊற்றிக் காற்றடித்து ஏவும் தண்ணீர் ராக்கெட்டை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திடல் வேண்டும், அனுமதி வேண்டும். சோடாப் போத்தல்தான் அழுத்தம் தாங்கும், மெல்லிய குடிநீர்ப் போத்தல் ஆகாது. சூடான பசை பட்ட இடம் பலவீனமாகிவிடும் என்பதால் அதையும் தொட வேண்டாம்.

காகித ராக்கெட் ஏவும்போதும் பிள்ளைகள் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். குழாய்க்கு நேரே யாரும் முகத்தை நீட்டக் கூடாது, எண்ணி முடிக்கும் முன் மிதிக்கவும் கூடாது. என்னிடம் இரண்டு ஏவுகருவிகள் சும்மா கிடக்கின்றன. தேதி முடிவானதும் எழுதுங்கள், தேக்கா பக்கம் வரும்போது எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
அக்கா