வரையறவங்க மனசு அனிமேஷன்ல தெரியுமா?

படம் வரையறவங்களோட சொந்த ஃபீலிங்ஸ் அனிமேஷன்ல தெரியுமான்னு கேட்டிருக்கீங்க, கண்டிப்பா தெரியும். ஜப்பான் அனிமேஷன் டைரக்டர் ஹயாவோ மியாசாகி சின்னப் பையனா இருந்தப்போ அவரோட அம்மா முதுகெலும்பு காசநோயால வருஷக்கணக்கா ஆஸ்பத்திரியும் படுக்கையுமா இருந்தாங்க, 1988ல வந்த அவரோட ‘மை நெய்பர் டோட்டோரோ’ படத்துல அம்மா ஆஸ்பத்திரியில இருக்க அக்காவும் தங்கச்சியும் தவிக்கற தவிப்பு அங்கேருந்து வந்ததுதான். அதுல அம்மா படுக்கையில இருந்தபடியே மூத்தவளுக்கு தலை வாரி விடற சீன் ஒண்ணு வரும், அது இல்லாட்டியும் கதை ஓடும், ஆனா கொஞ்சம்கூட அவசரமில்லாம வரைஞ்சிருப்பாங்க பாருங்க, எனக்கு அங்கயே தொண்டை அடைச்சிடும். அதே நாள்ல ரிலீஸான ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ங்கற போர்க்கால அனிமேஷன் படத்தை எடுத்த இசாவோ தகாஹாதா 9 வயசுல, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட ஒகயாமா நகரத்து மேல நடந்த குண்டுவீச்சுல உயிர் தப்பினவர், அந்தப் படத்துல தீ விழறதைப் பார்த்தா கற்பனைன்னே தோணாது.