ஃபோர்ஹேண்ட் பிடி: நடுவிரலைப் பற்றிச் சில கேள்விகள்

தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் சேர்க்கிற விளையாட்டு டிஸ்க் கோல்ஃப். அதில் ஃபோர்ஹேண்ட், அதாவது எறிகிற கையின் பக்கத்திலிருந்தே உள்ளங்கை முன்னால் வர எறிவது பற்றி வந்த கேள்விகளை வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒருவர் தோளைக் குறை சொல்கிறார், ஒருவர் காற்றைத் திட்டுகிறார், ஒருவர் கடையில் வாங்கிய தட்டே கோணல் என்கிறார். நடுவிரலைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. பதில்களில் பாதி அங்கேதான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கைக்காரர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சென்னையில் படித்தபோது கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பி விளையாடுவேன். ஃப்ளிக் (ஃபோர்ஹேண்டுக்கு அங்கே அந்தப் பெயர்) எனக்கு நன்றாக வரும். அதே பிடியில் டிஸ்க் கோல்ஃப் டிரைவரை, அதாவது தூரம் போகிற தட்டை, எறிந்தால் அடிபட்ட புறா மாதிரி படபடத்துக்கொண்டு போய் விழுகிறது. ஏன் அண்ணே? (ராமநாதபுரம்)

தம்பி, அல்டிமேட் தட்டும் டிரைவரும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான். 175 கிராம் பக்கம் வரும். ஆனால் அல்டிமேட் தட்டின் குறுக்களவு 27 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், டிரைவருக்கு 21தான். அந்த எடையில் பெரும்பகுதி சின்ன வட்டத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. அல்டிமேட்டில் நீங்கள் ஆள்காட்டி விரலைத் தட்டின் நடுப்பக்கம் நீட்டி, நடுவிரலை மட்டும் விளிம்பில் வைத்திருப்பீர்கள். பெரிய தட்டைத் தாங்குவதற்கு அது சரி. டிரைவரில் தாங்குவதைவிட விளிம்பைத் தள்ளுவதுதான் வேலை. பிரிந்து நிற்கிற விரல் அதற்கு உதவாது.

இப்படிச் செய்து பாருங்கள். இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு, வலது உள்ளங்கையை வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். தட்டின் அடியில் நடுவிரலை நுழைத்து, அதன் நுனிச் சதை விளிம்பின் உட்சுவரில் அழுந்தும்படி வையுங்கள். விரலின் பக்கவாட்டு எலும்பு படக் கூடாது, சதை பட வேண்டும். ஆள்காட்டி விரலை நடுவிரலோடு ஒட்டி, அதற்கு முட்டுக் கொடுப்பது போல வையுங்கள். கட்டை விரல் மேலே, விளிம்பை ஒட்டிப் படுத்திருக்கட்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி, மோதிர விரலின் பக்கம் தட்டின் வெளி விளிம்பை லேசாகத் தொடட்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டையில் தட்டு நன்றாகப் பொருந்த வேண்டும், அங்கே இடைவெளி இருக்கக் கூடாது.

சரி, பொருந்திவிட்டதா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவரைத் தட்டின் எதிர் ஓரத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். தட்டோடு உங்கள் கையும் சேர்ந்து ஆடினால் பிடி சரி. தட்டு மட்டும் ஆடினால், அந்த ஆட்டத்தைத்தான் காற்றில் படபடப்பாகப் பார்க்கிறீர்கள்.

இறுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் கை போகும்போதே நரம்பு புடைக்கப் பிடித்தால் மணிக்கட்டு மரக்கட்டை ஆகிவிடும். உயிருள்ள கிழங்கான் மீனைக் கையில் வைத்திருக்கிற பக்குவம் போதும். கை இடுப்பைத் தாண்டி முன்னால் வருகிற அந்த ஒரு நொடியில் இறுக்கினால் சரியாக இருக்கும். எறிந்து முடித்ததும் கையை அப்படியே நிறுத்திப் பாருங்கள். உள்ளங்கை இன்னமும் மேலே பார்க்க வேண்டும். கவிழ்ந்திருந்தால், தட்டை விடும்போதே மணிக்கட்டு உருண்டிருக்கிறது. பிடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது.

நாங்கள் சின்ன வயதில் கண்மாயில் ஓட்டாஞ்சில்லு எறிந்து ஏழு, எட்டுத் துள்ளல் எடுத்தவர்கள். பேரன் எறிகிற இந்த ஃபோர்ஹேண்டும் அதேதானே? இதற்கு எதற்கு ஒரு பாடம்? (திருப்புல்லாணி)

ஐயா, முக்கால்வாசி அதேதான். தாழ்ந்த கை, முன்னால் வருகிற முழங்கை, கடைசியில் சொடுக்குகிற மணிக்கட்டு, எல்லாம் கண்மாய்க்கரையில் நீங்கள் பழகியதுதான். பேரனோடு ஒரு நாள் போய் நில்லுங்கள், இரண்டு வாரம் பழகியவனை முதல் நாளே முந்தினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மிச்சமுள்ள கால்வாசியில்தான் வம்பு. சில்லு எறியும்போது ஆள்காட்டி விரல் ஓரத்தை வளைத்துப் பிடித்திருக்கும், கடைசியில் சுழற்றிவிடுவதும் அதுதான். தட்டில் அந்த வேலை நடுவிரலுக்கு. பழைய பழக்கத்தில் ஆள்காட்டி விரல் முந்திக்கொண்டால் தட்டு கையை விட்டுச் சீக்கிரமாகவே நழுவி, எறிகிறவருக்கு வலப்பக்கமாக ஓடிவிடும்.

இன்னொன்று கோணம். தண்ணீரில் துள்ள வேண்டுமானால் சில்லின் முன்பக்கம் சற்றே தூக்கியிருக்க வேண்டும். கல் சுமார் 20 டிகிரி சாய்ந்து தண்ணீரைத் தொட்டால் நன்றாகத் துள்ளும் என்று 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கைக்கு அது அப்போதே தெரியும். ஆனால் தட்டை அப்படி மூக்குத் தூக்கி எறிந்தால் அது பட்டம் மாதிரி மேலே ஏறி, நின்று, பின்வாங்கி விழும். கண்மாய்க் கை உள்ள எல்லோருக்கும் இந்தக் கோளாறு உண்டு, எனக்கும் இருந்தது. அதற்குக் கட்டை விரல்தான் வைத்தியம். மேலே சும்மா கிடக்காமல் தட்டின் முன்பக்கத்தைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். தட்டும் முன்கையும் ஒரே மட்டத்தில் நீண்டிருந்தால் மூக்குத் தானாக அடங்கும்.

ஒரு துணுக்கு: எங்கள் சவுக்குத் தோப்பில் சைக்கிள் ரிம்மில் சங்கிலி தொங்கவிட்டுக் கூடை செய்திருக்கிறோம். சங்கிலிக் கூடை என்ற யோசனை அமெரிக்காவின் எட் ஹெட்ரிக்குடையது. 1975இல் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தவரும் அவர்தான். 2002இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே சாம்பலைச் சேர்த்துத் தட்டுகள் வார்த்தார்கள். நம் ஊரில் கடலில் கரைப்போம், அவர் கூரை மேல் போய்ச் சிக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

பிளஸ் ஒன் படிக்கிறேன். என் கை சின்னது. அண்ணன் வைத்திருக்கிற டிரைவரைப் பிடித்தால் விரல் உள்ளே எட்டவே இல்லை. பயிற்சி செய்தால் எட்டுமா? (தொண்டி)

எட்டாது அம்மா, விரல் வளர வேண்டும் அல்லது தட்டு மாற வேண்டும். தட்டை மாற்றுவது சுலபம். தூரத்துக்கான டிரைவர்களில் விளிம்பின் அகலம் 2 சென்டிமீட்டரைத் தாண்டும். போட்டி விதிப்படி 2.6 வரை போகலாம். உன் நடுவிரல் அந்த அகலத்தைக் கடந்த பிறகுதான் உட்சுவரை அழுத்த முடியும். மிட்ரேஞ்ச் என்கிற நடுத்தூரத் தட்டில் விளிம்பு ஒன்றேகால் சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும். அதில் தொடங்கு. எடையும் 150, 160 கிராமில் கிடைக்கும், அதுவே போதும். நடுவிரலின் முதல் கணு வரை உள்ளே மடங்கி, சதை சுவரில் படுகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பார்த்து வாங்கு. அண்ணனைவிடக் குறைந்த தூரம் போனாலும் நேராகப் போகும், சிரிப்பது யார் என்று அப்போது பார்க்கலாம்.

ஆனி, ஆடியில் இங்கே கச்சான் காற்றில் நின்றால் ஆளே சாய்கிறது. என் ஃபோர்ஹேண்ட் ஒரு நாள் இடப்பக்கம் கவிழ்கிறது, ஒரு நாள் வலப்பக்கம் பறந்து போகிறது. பிடியை மாற்ற வேண்டுமா? (மண்டபம்)

காற்றுக்குத் தனிப் பிடி கிடையாது. ஆனால் நல்ல நாளில் மன்னித்துவிடுகிற பிடியைக் கச்சான் மன்னிக்காது. இலேசான படபடப்புகூட எதிர்காற்றில் பெரிதாகிவிடும்.

முதலில் அந்த இரண்டு திசை. வலது கை ஃபோர்ஹேண்ட் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். வேகம் இருக்கும்வரை இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், வேகம் அடங்கியதும் வலப்பக்கம் சரியும். எதிர்காற்றில் தட்டின் மேல் ஓடுகிற காற்றின் வேகம் கூடுவதால் அந்த இடப்பக்கத் திருப்பம் மிகுந்து கவிழ்கிறது. அந்த நாளில் சட்டென்று திரும்பாத, முரட்டுத் தட்டாக எடுங்கள். கடைக்காரர்கள் ஓவர்ஸ்டேபிள் என்பார்கள். வேகத்தையும் குறையுங்கள். காற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள் விரலை இறுக்குவார்கள், இறுக்கியதும் மணிக்கட்டு உருளும், கவிழ்வது இன்னும் கூடும்.

இனி வலப்பக்கம் பறப்பது. மண்டபத்தில் ராமநாதபுரம் திசை பார்த்து, அதாவது மேற்கே எறிந்தீர்கள் என்று வையுங்கள். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் உங்கள் இடது முன்பக்கத்தில் அடிக்கும். தட்டின் வலது ஓரத்தைத் தாழ்த்தி எறிந்தால் அதன் வயிறு காற்றுக்கு நேராகத் திரும்பிவிடும். பாய் விரித்த வத்தைப் படகு மாதிரிதான், காற்று அதைத் தூக்கிப் பாக் விரிகுடாப் பக்கம் கொண்டுபோய்விடும். அந்தத் திசையில் மட்டமாக எறியுங்கள், அல்லது இடது ஓரத்தைச் சற்றே தாழ்த்துங்கள். ஐப்பசியில் வாடை திரும்பியதும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

காற்றைத் திட்டியே தீர வேண்டும் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தார். அது பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னால் வர எறிவது. காற்று அவர் முதுகில் இருந்தது.

கை வியர்த்து வழுக்குகிறது. பவுடர் போடலாமா? (கீழக்கரை)

போடலாம். வியர்வையை உறிஞ்சுகிற பொடி, துணி, கையுறை எதையும் போட்டி விதி தடுக்கவில்லை. என் பையில் ஒரு பழைய லுங்கித் துண்டுதான் இருக்கிறது, எந்தப் பொடியையும்விட அதை நம்புகிறேன். ஒரு எறிக்கு 30 நொடிதான் அவகாசம், அதற்குள் துடைத்து முடியுங்கள். உங்கள் ஊரில் வியர்வையைவிட உப்பைக் கவனியுங்கள். கடலில் விழுந்த தட்டை அப்படியே காயவிட்டால் மெல்லிய உப்புப்படலம் நிற்கும். ஈரக்காற்றுப் பட்டதும் அது வழுக்கும். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும்.

ஒரு மாதமாக விளையாடுகிறேன். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது. நடுவிரல் நுனியில் கொப்புளமும் இருக்கிறது. (ஏர்வாடி)

கொப்புளம் பற்றிக் கவலை வேண்டாம். அது சரியான இடத்தில் வந்திருந்தால் பிடி சரி என்று அர்த்தம். சதையில் வந்தால் நல்லது, விரலின் பக்கவாட்டில் வந்தால் முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள். ஆறும்வரை ஒட்டுப்பிளாஸ்டர் போட்டுக்கொள்ளலாம்.

முழங்கை வலி வேறு விஷயம். எறிவதை இன்றே நிறுத்துங்கள். எனக்கும் இது வந்தது. புதுத் தட்டு வாங்கிய ஜோரில் ஒரே சாயங்காலம் நூறு தடவைக்கு மேல் முழு வேகத்தில் எறிந்தேன். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அதற்கும் புத்தி வராமல் தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி போனேன். அப்புறம் இரண்டு மாதம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டி விறைத்து எறிவதும், தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடிப்பதும், உடம்பு சூடாகாமல் முழு வேகம் கொடுப்பதும்தான் வழக்கமான காரணங்கள். ஓய்வெடுத்தும் வலி அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்பி வரும்போது முழங்கையை இடுப்புக்கு அருகே மடக்கி வைத்து, பாதி வேகத்தில், இருபது எறிக்கு மேல் வேண்டாம்.

நான் இடது கைக்காரன். (ராமேஸ்வரம்)

பிடி அதேதான். மேலே வலது என்று எழுதியதை இடது என்றும், இடது என்று எழுதியதை வலது என்றும் மாற்றிப் படியுங்கள். மண்டபத்தில் மேற்கே எறிகிற கச்சான் கணக்கை மட்டும் அப்படியே விடுங்கள், அது கையைப் பொறுத்ததல்ல. உங்கள் ஃபோர்ஹேண்ட் கடைசியில் இடப்பக்கம் சரியும்.

தனியாகப் பழகுகிறேன். இரண்டு எறி எறிந்தால் ஒன்று கருவேலங்காட்டுக்குள் போய்விடுகிறது, முள் குத்தி எடுக்கவே அரை மணி நேரம். வீட்டருகே பழக வழி உண்டா? (வாலிநோக்கம்)

கடற்கரையில் இருந்துகொண்டு வலைக்கா பஞ்சம்? கரையில் கழித்துப் போட்ட பழைய வலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தங்கூஸ் வலை (மெல்லிய ஒற்றை இழை நைலான்) வேண்டாம், தட்டின் விளிம்பு சிக்கினால் எடுப்பதற்குள் விரலை அறுத்துவிடும். தடித்த நூல் வலையாகப் பாருங்கள். இரண்டு பனைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். விறைப்பாகக் கட்டினால் தட்டு திரும்பி உங்கள் மேலேயே வரும், கொஞ்சம் தொய்வு இருக்கட்டும். அடியில் ஈயக்குண்டு இருந்தால் கழற்றாதீர்கள், காற்றில் வலை பறக்காமல் நிற்கும்.

வலைக்கு நான்கு மீட்டர் முன்னால் நின்று, காலை நகர்த்தாமல் மணிக்கட்டால் மட்டும் எறியுங்கள். முதல் பத்து எறிக்கு ஆள்காட்டி விரலை முழுதாக எடுத்துவிட்டு, நடுவிரலும் கட்டை விரலும் மட்டும் பிடித்திருக்கட்டும். தட்டு ஆடாமல் போய் வலையில் மட்டமாகப் பட்டால் ஆள்காட்டி விரலைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். வலையின் ஒரு கண்ணில் சிவப்புத் துணி கட்டிக் குறி வைக்கலாம். எங்கள் வீட்டில் கட்டிய துணியைக் காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டது, இப்போது குரும்பை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன்.