வீடு எனக்கு, கூரையில் உள்ள சோலார் யாருக்கு?

கேள்வி: திருகோணமலை அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு வாங்கினோம். கூரையில் 2020இல் பூட்டிய 5 கிலோவாற் சோலார் இருக்கிறது. அதை நம்பித்தான் கேட்ட விலையைக் கொடுத்தோம். காணி உறுதி எழுதி முடிந்து எட்டு மாதமாகியும் கரண்ட் பில் விற்றவரின் பெயரில்தான் வருகிறது. மிஞ்சும் யூனிற்றுக்கு மின்சார சபை தரும் காசும் அவருடைய கணக்குக்கே போகிறது. கேட்டால், "உறுதியில் சோலார் என்று ஒரு சொல்லும் இல்லை, ஆளைக் கூட்டிவந்து கழற்றப் போகிறேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று. பேச்சு நடக்கிறதே என்று அவரையோ அவருடைய ஆட்களையோ கூரையில் ஏற விடாதீர்கள். கழற்றிக் கொண்டுபோன பிறகு வழக்காடுவது வேறு கதை.

உறுதியை எடுத்து, காணியை விவரிக்கும் அட்டவணையின் கடைசி வரியைப் படியுங்கள். "வீடு, கிணறு, மரங்கள் உட்பட இதிலுள்ள சகலதும்" என்கிற மாதிரி ஒரு வரி அநேகமாக இருக்கும். நொத்தாரிசுமார் பழக்கத்தில் எழுதிவிட்டுப் போகும் வரிதான். இன்று உங்களைக் காப்பாற்றப் போவதும் அதுதான். வீட்டோடு நிலைத்த பொருள் வீட்டோடு போகும் என்பது இலங்கையில் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டத்தின் நிலைப்பாடு. பொருளின் தன்மை, அது பொருத்தப்பட்ட விதம், பொருத்தியவரின் எண்ணம் ஆகிய மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். ஆணியைக் கழற்றினால் சோலார் பலகை கையோடு வந்துவிடும் என்று அவர் வாதாடலாம். ஆனால் கூரைத் தகட்டைத் துளைத்து, றப்பர் வாஷர் வைத்து அலுமினியச் சட்டத்தை இறுக்கி, வயரைச் சுவர் வழியே இறக்கி, மின்சார சபையோடு 20 வருட ஒப்பந்தமும் எழுதியவர் அதைத் தற்காலிகமாகத்தான் வைத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்? என் பார்வையில் உங்கள் பக்கமே பலம்.

"வாயால் சொன்னேனே, சோலார் சேராது என்று" என அவர் சொல்லக்கூடும். எழுதிய உறுதிக்கு முரணான வாய்ப்பேச்சைச் சாட்சியமாக எடுக்க 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு பொதுவாக இடம் தராது. "சோலார் வீடு விற்பனைக்கு" என்று அவர் போட்ட விளம்பரமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சோலாரை லீசிங்கில் எடுத்திருந்தால் உரிமை இன்னும் நிதி நிறுவனத்திடம் இருக்கலாம். தனக்கு இல்லாததை அவர் உங்களுக்கு விற்றிருக்க முடியாது. இதைக் கட்டாயம் விசாரியுங்கள். தன் பெயரில் எடுத்த சாதாரணக் கடன் என்றால் அது அவருடைய தலையிடி.

சரி, பலகை உங்களுடையது. ஒப்பந்தம்? அது வீட்டோடு தானாக வராது. மின்சார சபைக்கு இன்னமும் அவர்தான் வாடிக்கையாளர். உறுதியின் பிரதி, அடையாள அட்டை, அவருடைய சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு போய்ப் பெயர் மாற்றம் கேளுங்கள். புதிய ஒப்பந்தம் வேண்டாம், பழைய ஒப்பந்தத்தின் மிச்சக் காலத்துக்கே மாற்றித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2016இல் தொடங்கிய திட்டத்தில், மிஞ்சும் யூனிற்றுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா. உங்களுடையது அந்த வகை என்றால் 2027 வரை 22 ரூபா கிடைக்க வேண்டும்.

அவர் உண்மையாகவே ஆட்களோடு வந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டு, மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையுத்தரவு கேட்கலாம். அதற்கு முன் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் போகட்டும். பாதிப்பேர் அதோடு அடங்கிவிடுவார்கள்.

எட்டு மாதக் காசையும் நியாயமற்று அடைந்த இலாபம் என்று திருப்பிக் கேட்கலாம். மாதம் 300 யூனிற் மிஞ்சியிருந்தால் 52,800 ரூபா. இந்தளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். ஆனால் சம்மதக் கடிதத்தில் ஒழுங்காகக் கையெழுத்திட்டுத் தருகிறேன், பழைய காசை விட்டுவிடுங்கள் என்று அவர் இறங்கி வந்தால், விட்டுவிடுங்கள். வழக்கென்று போனால் சட்டத்தரணிகளான எங்கள் கட்டணமே அதைவிடக் கூடிவிடும்.