கோபுரங்களைக் காத்தது யார்?

கேள்வி: இத்தாலியின் சான் ஜிமிஞானோ நகரில், படையெடுத்து வரும் பகைவரைக் கண்காணிக்க இடைக்காலத்தில் எழுப்பிய கோபுரங்களை அவ்வூர் மக்கள் 700 ஆண்டுகளாகப் போற்றிக் காத்து வருகிறார்களாமே? அந்தத் தொலைநோக்கைப் பாராட்ட வேண்டாமா?

பதில்: ஊரைத் தாராளமாகப் பாராட்டுங்கள், ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்கள் இரண்டுமே பொருந்தவில்லை. அந்தக் கோபுரங்களில் பெரும்பாலானவை செல்வக் குடும்பங்கள் எழுப்பிய கோபுர வீடுகள். அவர்களுடைய பகைவர்கள் எதிர்வீட்டில்தான் இருந்தார்கள். ரோமுக்கு நடந்து சென்ற யாத்திரிகர்களின் பிரான்சிஜெனா பாதையில் அமைந்திருந்ததாலும், குங்குமப்பூ வணிகத்தாலும் இந்தக் குன்றூரில் பணம் குவிந்தது. போப்பின் கட்சியைச் சேர்ந்த ஆர்திங்கெல்லி குடும்பமும் பேரரசரின் கட்சியைச் சேர்ந்த சல்வூச்சி குடும்பமும் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட அவ்வூரில், உயரமே அந்தஸ்தாகி, ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் நின்றன. நகராட்சிக் கோபுரமான ரொஞோசாவை விட உயரமாகத் தனியார் எவரும் கட்டக்கூடாது என்று 1255இல் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் போட்ட நகராட்சியே 1311இல் 54 மீட்டர் உயரமுள்ள தோர்ரே க்ரோஸ்ஸா என்ற கோபுரத்தைக் கட்டி முடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தொலைநோக்கு என்ற வாதமும் நிற்காது. 1348இல் வந்த கொள்ளைநோய் மக்கள்தொகையை வாரிக்கொண்டு போனது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஊர் ஃபிளாரன்ஸின் ஆட்சிக்குப் பணிந்தது. யாத்திரிகர் போக்குவரத்தும் வணிகமும் சமவெளிப் பாதைகளுக்கு நகர்ந்தன. பணம் இருந்த ஃபிளாரன்ஸ், 1250இலேயே உயர்குடியினரின் கோபுரங்களைக் குட்டையாக்க ஆணையிட்டது. பின்னர் பழைய வீடுகளை இடித்து அரண்மனைகளையும் கட்டிக்கொண்டது. சான் ஜிமிஞானோவில் இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் வசதியில்லை. அப்படியிருந்தும் இன்று மிஞ்சியவை 14 கோபுரங்களே. ஐந்தில் நான்கு பங்கை இழந்த ஊரை, 700 ஆண்டுகள் போற்றிக் காத்த ஊர் என்று எப்படிச் சொல்வது? இருபதாம் நூற்றாண்டில் விழிப்பு வந்தது உண்மை. 1990இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உங்கள் பாராட்டு இந்தக் கடைசிக் காலத்துக்கு மட்டுமே உரியது.

நேரில் செல்ல வாய்த்தால், கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1148இல் அர்ப்பணிக்கப்பட்ட தலைமைத் தேவாலயத்தில், இளவயதிலேயே இறந்த அவ்வூர்ப் புனிதை ஃபீனாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கே கிர்லாந்தாயோ தீட்டிய சுவரோவியத்தில், ஃபீனாவின் இறுதிச் சடங்குக் காட்சிக்குப் பின்னால், அந்தக் கோபுரங்களும் தெரியும்.