பிளான் இல்லாத மாடிக்கு இரண்டு ரூபாய் வட்டி

கேள்வி: தருமபுரி செட்டிக்கரை பக்கம் எனக்கு 1,200 சதுர அடி மனை, அப்ரூவ்டு மனைதான். 20 அடிச் சாலை. 2021-ல் பிளான் வாங்கி, வங்கிக் கடனில் 850 சதுர அடிக்குக் கீழ்வீடு கட்டினேன். இன்னும் 11 லட்சம் பாக்கி, தவணை 12,500. சம்பளம் கைக்கு 38,000 வருகிறது. 2023-ல் கட்டட வேலை எடுத்துச் செய்யும் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) சொல்லி மேலே 930 சதுர அடி போட்டோம். அதற்கு அனுமதி வாங்கவில்லை. தெரிந்தவரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்கு 8 லட்சம் வாங்கினோம். இன்ஜினீயரிங் மாணவர்கள் எட்டுப் பேர் தலைக்கு 2,500 தருகிறார்கள். இப்போது இரண்டாவது மாடியும் கட்டி மாணவிகளுக்கு ஹாஸ்டலாக விடலாம் என்கிறார் மச்சான். 14 லட்சம் ஆகுமாம். 10 லட்சம் அதே ஆளிடம், 4 லட்சத்துக்கு மனைவியின் நகை. "பிளானை அப்புறம் பார்த்துக்கலாம், அதுக்கு 60,000 தண்டச் செலவு" என்கிறார். கம்பி இறக்க முன்பணம் கேட்கிறார். மறுத்தால் உறவு கெடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தருமபுரி

பதில்: கம்பிக்குப் பணம் கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் பிறகு.

உங்களுக்குக் கணக்கு தெரியும், கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் எதைச் செலவு என்று எழுதுகிறீர்கள், எதை எழுதாமல் விடுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். பிளானுக்கு 60,000 தண்டச் செலவு என்கிறார் உங்கள் மச்சான். அந்தச் செலவைத் தவிர்த்ததால்தான் நீங்கள் இரண்டு ரூபாய் வட்டிக்குப் போனீர்கள். மாடிக்கு வரைபட அனுமதி இருந்திருந்தால் வீட்டுக் கடன் தந்த வங்கியே அந்தக் கடனுக்கு மேல் டாப்-அப் என்று கூடுதல் கடன் தந்திருக்கும்.

மாதம் 16,000 வட்டி, வருஷத்துக்கு 1,92,000. வாடகை மாதம் 20,000. மே, ஜூனில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், அதனால் பத்து மாதம் என்றே வையுங்கள், 2 லட்சம். மிச்சம் 8,000. அதில்தான் மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க், கரண்ட் பில், சுண்ணாம்பு எல்லாம். அசல் 8 லட்சம் அப்படியே நிற்கிறது. இதே 8 லட்சத்தை வங்கியில் ஒன்பதரை சதவீதத்துக்குப் பத்து வருஷத்தில் கட்டினால் தவணை சுமார் 10,400. இப்போது வட்டியாகப் போவதை விட மாதம் 5,600 குறைவு, அசலும் தீரும். அந்த 60,000 பதினோரு மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது மாடியின் கணக்கு இதைவிட மோசம். 10 லட்சத்துக்கு வருஷம் 2,40,000, நகைக்கு 12 சதவீதம் வைத்தால் 48,000. வாடகை கீழே போலவே 2 லட்சம் வந்தாலும் வருஷம் 88,000 உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும்.

போகட்டும், அந்த மாடிக்குப் பிறகாவது பிளான் கிடைக்குமா? 2019-ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, எஃப்எஸ்ஐ என்று பொறியாளர்கள் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு சாதாரணமாக 2. அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். உங்கள் மனைக்கு 2,400 சதுர அடி. கீழும் மேலும் சேர்த்து 1,780 ஏற்கெனவே ஆகிவிட்டது. மீதி 620. மச்சான் போடப்போவது இன்னொரு 930 என்றால் அதற்கு இடமே இல்லை. கூடுதல் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம் என்பார்கள். அதற்குச் சாலை 30 அடியாவது இருக்க வேண்டும், உங்களுடையது 20.

"பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பி நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் கட்டுகிறார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வந்த சலுகை 1.7.2007-க்கு முன் கட்டி முடித்தவற்றுக்கு. உங்கள் மாடி 2023. அடுத்து, 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதியை (விவரங்களுக்கு நாமே உறுதி கொடுத்து வாங்குவது) மச்சான் சொல்லக்கூடும். அது 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கட்டும் குடியிருப்புக்கு. உடனே கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது மாடி ஹாஸ்டலை அதில் நுழைக்க முடியாது, பொய்த் தகவல் கொடுத்தால் அனுமதியே ரத்தாகும்.

மாணவிகளுக்கு ஹாஸ்டல் நடத்த 2014-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் கேட்பார்கள். அனுமதியே இல்லாத தளத்துக்கு இவை எங்கிருந்து வரும்? அடுத்தவர் வீட்டுப் பெண் பிள்ளைகளை நம்பித் தங்கவைக்கிற இடம். வாடகை கூட வரும் என்பதற்காக இதில் இறங்கவே கூடாது.

இனி செய்ய வேண்டியது. அந்த நகையை எப்படியும் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், வங்கியில் வைத்து 4 லட்சத்தை வட்டிக்காரரிடம் கட்டுங்கள். மாதம் 8,000 வட்டி நிற்கும், அதே 12 சதவீதம் என்றாலும் வங்கிக்கு 4,000தான் போகும். மனைவி சம்மதித்தால் மட்டும், எழுத்தில் கணக்கு வைத்துக்கொண்டு.

அடுத்து, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து முதல் மாடியை அளக்கச் சொல்லுங்கள். மச்சானின் ஆளாக இருக்க வேண்டாம். கீழே 850, மேலே 930 என்றால் எண்பது சதுர அடி எங்கோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்தில் என்று நினைக்கிறேன். அந்த நீட்டல்தான் விதியை மீறினால் அதை இடித்துவிட்டு, கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள். நோட்டீஸ் வந்தபின் ஓடுவதைவிட நீங்களே போவது நல்லது. நோட்டீசுக்குப் பதில் சொல்லாவிட்டால் பூட்டி சீல் வைக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. அன்றைக்கு எட்டு மாணவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பார்கள், வட்டி மட்டும் நிற்காது.

அனுமதி கைக்கு வந்ததும் வங்கிக்குப் போங்கள். அவர்களுடைய பொறியாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளப்பார். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கட்டடத்தை ஈடாக வாங்கும் வங்கிகள் சான்றுகளைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. பழைய தவணையோடு 10,400 சேர்ந்தால் 22,900, சம்பளத்தில் 60 சதவீதம். வங்கி தயங்கும். பதினைந்து வருஷமாகக் கேட்டால் தவணை 8,350-க்கு இறங்கும். வாடகையை இன்றிலிருந்தே ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் வாங்குங்கள், வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். அப்போதுதான் அது வருமானமாக மதிக்கப்படும்.

கட்டடத்தை மொத்தமாக எடுத்து மாதம் 'உறுதியான வாடகை' தருகிறோம், கட்டில் மெத்தைக்கு முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று கோ-லிவிங் நிறுவனங்கள் (அறைகளைப் பலருக்குப் பகிர்ந்து வாடகைக்கு விடுபவை) பேச வரலாம். காலி அறைக்கு அவர்கள் எங்கிருந்து வாடகை தருவார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் முன்பணம் வேண்டாம்.

மச்சானிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். உங்கள் மனைவியும் உடன் இருக்கட்டும். நகை அவருடையது. மேலே சொன்ன வருஷம் 88,000 நஷ்டக் கணக்கை ஒரு தாளில் எழுதி மச்சான் முன் வையுங்கள். வேலைதான் வேண்டும் என்றால், நீட்டலை இடித்துச் சரிசெய்யும் வேலையை அவருக்கே கொடுக்கலாம், அளந்து முடித்த வேலைக்கு மட்டும் பணம் என்ற பேச்சோடு.